பேச்சியின் பெயருக்கு நேரே

ஜூன் 3, செவ்வாய்

இன்று கமிட்டிக் கூட்டத்தில் தியாகராஜனை நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அப்படியும் மனசு ஆறவில்லை.

எங்கள் பெண்கள் கூடைப்பந்து கிளப்புக்குக் கமிட்டி என்றால் மொத்தம் மூன்று பேர். தலைவர் தியாகராஜன், இரும்புக்கடைக்காரர். செயலாளர் ஹபீபுல்லா, பூட்டுக்கடை. கோச் என்ற முறையில் மூன்றாவது ஆள் நான். கரூர் அமராவதி கிளப்பிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறதாம். ஓவியா என்று ஒரு பெண்ணை நமக்குத் தருகிறார்கள். இருபது வயது, ஆறடி ஓரங்குலம், ஆட்டத்துக்குப் பதினைந்து பாயிண்ட் போடுகிறவள். அவளுக்குப் பதிலாக நம் முத்துப்பேச்சியைக் கேட்கிறார்கள். மண்டல லீக்கில் இந்த மாதம் இருபதாம் தேதி வரை இப்படி ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

தியாகராஜன் போன வருட ஸ்கோர் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பத்து மேட்ச்ல பேச்சி போட்டது பதினாலு பாயிண்ட். அதுவும் அத்தனையும் ஃப்ரீ த்ரோ. ஃபவுல் முப்பத்தொண்ணு. வயசும் முப்பத்து மூணாச்சு. நான் இரும்பு விக்கிறவன், எனக்கே தெரியுது இது நல்ல பேரம்னு."

"அந்தப் புத்தகத்துல போட்ட பாயிண்ட்டுக்குக் கட்டம் இருக்கு. போடவிடாத பாயிண்ட்டுக்குக் கட்டம் எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்" என்றேன்.

அவர் உண்மையிலேயே தேடினார். மனுஷன் நல்லவர்தான், என்ன, ஆட்டம் தெரியாது.

"கரூர் ரெக்சிலின் மத்த டீமுக்கெல்லாம் இருபத்தஞ்சு போடுறா. பேச்சி பிடிச்சா ஏழு. மிச்சம் பதினெட்டை யாரு தடுத்தா? உங்க கடை தராசா?"

ஹபீபுல்லா, "டீச்சர் சொல்றதும் நியாயமாத்தான் படுது" என்றார். அவர் எல்லோரிடமும் அதையேதான் சொல்வார். முடிவெடுக்காமல் கலைந்தோம்.

வீட்டுக்கு வந்தால் அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 4, புதன்

பிளம்பர் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

பயிற்சி. பெண்கள் எல்லோரும் வந்தார்கள். என்னுடைய வழக்கம் இத்தனை வருடமாக மாறவில்லை. ஆளுக்கு ஐம்பது கூடை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கென்றே ஒரு நோட்டு, 'ஐம்பது நோட்டு' என்போம்; விழுந்த ஒவ்வொன்றுக்கும் அதில் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு. பொய்க் கோடு போட்டால் மைதானத்தைப் பத்துச் சுற்று. பேச்சிக்கு மட்டும் ஐம்பது கிடையாது. அவள் வேலை தடுப்பது. மற்றவர்கள் கூடை போடும்போது அவள் பக்கவாட்டில் சறுக்கி ஓடிப் பழகுவாள், முடித்ததும் பந்து பொறுக்கிப் போடுவாள். பதினெட்டு வயதில் என்னிடம் வந்தபோதே சொல்லிவிட்டேன்: நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்து கிடைத்தால் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடு. அப்படி வளர்த்ததால்தான் மண்டலத்திலேயே அவளை மாதிரி தடுக்க ஆளில்லை.

இன்று கிளம்பும் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், நானும் ஒரு பத்துப் போட்டுக்கட்டுமா?"

"எதுக்குடி? நாளைக்கு மில்லுல மூட்டை தூக்கணும், தோள்பட்டையை எதுக்கு வீணாக்குற?" என்றேன்.

"சரி டீச்சர்" என்று பந்துகளை வலைப்பையில் போட்டுக் கட்டினாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஜெர்சிகளைத் துவைத்தேன். சிவப்புச் சாயம் ஓடுகிறது, அதனால் யாரிடமும் கொடுப்பதில்லை, நானே அலசுகிறேன். பேச்சியின் ஐந்தாம் நம்பர் ஜெர்சித் தோளில் இன்னொரு தையல் பிரிந்திருக்கிறது. எதிரணிக்காரி பிடித்து இழுத்ததுதான். அவளைத் தாண்ட முடியாதவர்களுக்கு வேறென்ன வழி!

கொடியில் காயப்போடும்போதுதான் பளிச்சென்று பிடிபட்டது. கரூர்க்காரர்களுக்கு பேச்சி எதற்கு? அவர்களுக்கு வேண்டியது பேச்சி இல்லை. ரெக்சிலினைப் பிடிக்க நம்மிடம் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்! அதற்காக ஓவியாவையே தூக்கிக் கொடுக்கிறார்கள் என்றால் பேச்சியின் விலை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஆட்களுக்குத்தான் தெரியவில்லை. உடனே தியாகராஜனுக்கு போன் போட்டேன். அவர் கறிக்கடையில் நின்றிருந்தார். "அப்புறம் பேசுறேன் டீச்சர்" என்றார். நான் விடவில்லை. எலும்பு வெட்டும் சத்தத்துக்கு நடுவே முழுவதையும் சொல்லி முடித்தேன்.

பேச்சி என் பேச்சை மீறியது ஒரே ஒரு தடவை. ஒன்பது வருடம் முன்பு, இறுதிப் போட்டி. ஒரு பாயிண்ட் பின்தங்கி இருக்கிறோம், கையில் பந்தோடு தனியாக நின்றவள் தானே வளையத்தைப் பார்த்து எறிந்துவிட்டாள். பட்டு வெளியே வந்தது. தோற்றோம். கொஞ்சம் சத்தம் போட்டேன், அதோடு சரி. அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மைதான வாட்ச்மேன் வழிமறித்தார். "டீச்சர், விடியக்காலைல யாரோ உள்ள வந்து பந்து போடுறாங்க. தினமும் டொம் டொம்னு சத்தம். நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள போயிடுறாங்க."

தெருப் பையன்களாகத்தான் இருக்கும். வலை ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது. பிடிபடட்டும், பேசிக்கொள்கிறேன். புது வலை வாங்க வேண்டும். பிளம்பர் வந்தார், வாஷர் இல்லை என்று திரும்பிப் போனார்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாவது கூட்டம். கரூர்க்காரர்களின் தந்திரத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தேன். ஹபீபுல்லா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். தியாகராஜனுக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எல்லாஞ் சரி டீச்சர். தடுத்துத் தடுத்து நாம கப்பு வாங்கினோமா? மூணு வருசமா நாலாவது இடம். பாஸ்கட் போட ஆள் இல்லைன்னா எப்படி ஜெயிக்கிறது?"

"அதுக்கு இருக்கிறவளை விரட்டணுமா? தலைகீழா நின்னாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கோச் கையெழுத்து இல்லாம ரிலீஸ் படிவம் செல்லாது. லீக் விதி, படிச்சுப் பாருங்க."

ஹபீபுல்லா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பேச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா டீச்சர்?"

"அவகிட்ட என்ன கேக்குறது? பதினஞ்சு வருசமா பாக்குறேன், அவ மனசு எனக்குத் தெரியாதா? காதுல போட்டா பிள்ளை அழும். பேசாம இருங்க."

அவர் கிளாஸை மறுபடி எடுத்து மிச்ச டீயைக் குடித்துவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

கல்லூரி அணியோடு நட்பு ஆட்டம். ஜெயித்தோம். பேச்சியின் ஆட்டத்தைப் பார்க்கத் தியாகராஜனைக் கையோடு இழுத்துப்போயிருந்தேன். அந்த அணியில் புயல் மாதிரி ஓடுகிற ஒரு பெண். பேச்சி அவளுக்கு முன்னால் போய் நின்றாள், அவ்வளவுதான். கடைசிக் கால் பகுதியில் அந்தப் பெண் பந்தே வாங்கவில்லை, வாங்கப் பயம். "பாத்தீங்களா? இப்ப புத்தகத்தைத் திறந்து இதை எழுதுங்க!" என்று தியாகராஜன் காதருகே கத்தினேன். அவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

ஒரு தடவை இடது மூலையில் பேச்சியிடம் பந்து வந்தது. சுற்றிலும் ஆளே இல்லை. யாரும் அவள் பக்கம் போகமாட்டார்கள், அவள் போடமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் "பாஸ்!" என்று கத்தினேன். கொடுத்துவிட்டாள்.

அப்புறமும் அந்த மூலையிலேயே, வளையத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

எப்படித் தொடங்குவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் ஹபீபுல்லா வீட்டுக்கே வந்தார். கையில் கரூரிலிருந்து கூரியரில் வந்த ரிலீஸ் படிவம். "நீங்களே பாருங்க டீச்சர்" என்று கொடுத்துவிட்டு, சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். படிவத்தில் மூன்று கையெழுத்துக்கு இடம்: வீராங்கனை, கோச், தலைவர். கீழே இரண்டு இடங்களும் காலி. முதல் இடத்தில் அழகாக, கோணாமல், தமிழில்: செ. முத்துப்பேச்சி. தேதி மே 28. எங்கள் முதல் கூட்டத்துக்கு ஆறு நாள் முன்பு!

நாகல் நகருக்கு ஆட்டோ பிடித்தேன். பேச்சியும் அவள் வீட்டுக்காரரும் நடத்துகிற மாவு மில் அங்கேதான். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். தும்மித் தும்மித்தான் சண்டை போட வேண்டியிருந்தது.

"கரூர்க்காரங்க உன்னைய ஏமாத்திக் கையெழுத்து வாங்கிருக்காங்க. ரெக்சிலினைக் காப்பாத்தத்தான் உன்னையக் கூப்பிடுறாங்க, தெரியுமா உனக்கு?"

மிஷினை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவுங்க கூப்பிடல டீச்சர். நான்தான் போன் பண்ணிக் கேட்டேன்."

இரண்டு தடவை தும்மினேன். "நான் உனக்கு என்னடி குறை வச்சேன்?"

"குறை ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்கு பாஸ்கட் போடணும்."

சிரித்துவிட்டேன். ஆமாம், சிரித்தேன். "முப்பத்து மூணு வயசுலயா?"

"ஆமா, முப்பத்து மூணு வயசுலதான்." பதினைந்து வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "பத்தொம்பதுல கேட்டேன், வேணாம்னீங்க. இருபத்தி நாலுல கேக்காமப் போட்டேன், மொத்த கிரவுண்டும் திரும்பிப் பாக்குற மாதிரி ஏசினீங்க. எங்க அம்மா பாக்க வந்திருந்துச்சு அன்னைக்கு. இன்னும் எப்பதான் கேக்க?"

"உன்னைய மாதிரி தடுக்க ஆளே இல்லைன்னு கமிட்டியில தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டு வர்றேன்..."

"தெரியும் டீச்சர். எல்லார்கிட்டயும் அதான் சொல்றீங்க. அதைச் சொல்லிச் சொல்லியே என்னைய அங்கயே நிக்க வச்சுட்டீங்க. உங்க அம்பது நோட்டுல என் பேரு பதினஞ்சு வருசமா இருக்கு. பேருக்கு நேரா ஒரு கோடு இருக்கா? எல்லாப் பிள்ளையும் கோடு போட்டுட்டுப் போகும், நான் பந்து பொறுக்குவேன்."

மிளகாய் வாங்க வந்த அம்மாள் பாத்திரத்தோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரூர் கோச் போன்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'எந்த இடத்துல நின்னு போட்டா உனக்கு விழும்?' எனக்குப் பதில் தெரியல டீச்சர். அசிங்கமாப் போச்சு. அன்னைலேர்ந்து விடியக்காலைல கிரவுண்டுக்குப் போயி ஒவ்வொரு இடமா நின்னு போட்டுப் பாக்குறேன். இப்பத் தெரியும். இடது மூலை."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன். பாத்துக்க."

"போடாட்டிப் போங்க. இங்கயே ஆடுறேன். ஆனா இனிமே பந்து கிடைச்சா போடுவேன். நீங்க ஏசினாலும் போடுவேன்." மிஷினைப் போட்டுவிட்டாள்.

ஆட்டோவில் வரும்போது கண்ணெல்லாம் எரிந்தது. மிளகாய் நெடி சாமான்யப்பட்டதில்லை.

ஜூன் 18, புதன்

கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. வளர்த்தவள் நான்.

ஜூன் 19, வியாழன்

ஐந்தே காலுக்கு மைதானத்துக்குப் போனேன். பால் வாங்கப் போகிற வழிதான்.

வெளிக் கேட்டுக்கு இந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் நின்றேன். வாட்ச்மேன் "உள்ள வாங்க டீச்சர்" என்றார். "உஸ்" என்றேன். நைட்டிக்கு மேல் பழைய துண்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு பேச்சி. ஒரே ஒரு பந்து. எறிவது, ஓடிப்போய் எடுப்பது, மறுபடி மூலைக்கு வருவது. பந்து பொறுக்கிக் கொடுக்க ஆளில்லை.

எண்ணினேன். ஐம்பது எறிந்தாள். இருபத்தொன்பது விழுந்தது. முழங்கை வெளியே போகிறது. அதைச் சரிசெய்தால் முப்பத்தைந்து விழும். பத்தொன்பது வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால்...

பால் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

கடைசி நாள். இரும்புக்கடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். தியாகராஜன் முகமெல்லாம் பல். "ஒருவழியா நம்ம வழிக்கு வந்தீங்க டீச்சர்."

"உங்க வழிக்கு யாரும் வரல. நீங்க சொன்னது அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு. இந்தப் பேரத்துல நமக்குத்தான் நஷ்டம், எழுதி வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஐம்பது நோட்டை எடுத்தேன். முத்துப்பேச்சி என்ற பெயருக்கு நேரே இருபத்தொன்பது கோடு போட்டேன். நிதானமாக, ஒவ்வொன்றாக.

ஜூன் 24, செவ்வாய்

ஓவியா வந்துவிட்டாள். நல்ல பெண், எம்பினால் வலையைத் தொடுகிறாள். தடுக்கச் சொன்னால் மட்டும் சுவர் பக்கம் பார்க்கிறாள். "டீச்சர், எனக்கு அஞ்சாம் நம்பர் ஜெர்சி கிடைக்குமா? கரூர்ல அதான் என் நம்பர்" என்று கேட்டாள்.

"அது கிழிஞ்சுபோச்சும்மா" என்றேன். பன்னிரண்டைக் கொடுத்தேன். ஐந்தின் தோள் தையலை நேற்றுத்தான் போட்டு முடித்தேன். பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது.

பிளம்பர் வந்து குழாயைச் சரிசெய்தார். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

கரூர் அணி இங்கே வந்து ஆடியது.

ஆட்டத்துக்கு முன்னால் பெண்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "பேச்சி போடுவா. மூலையில நின்னா விடாதீங்க." ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "பேச்சிக்காவா டீச்சர்? பாஸ்கட்டா?" மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

ஓவியாவைப் பிடிக்க பேச்சி வந்து நின்றாள். பதினைந்து போடுகிற பிள்ளை ஆறோடு நின்றாள். அதுவாவது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் பகுதியில் இடது மூலையில், எங்கள் பெஞ்சுக்கு நேர் முன்னால், அவளிடம் பந்து வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒருத்திகூட நகரவில்லை. பேச்சி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எறிந்தாள். உள்ளே! அடுத்த தடவை, அதே இடம், மறுபடி உள்ளே. நான் எழுந்து நின்று கத்தினேன்: "அஞ்சாம் நம்பரைப் பிடிங்கடி! யாராச்சும் அவளைப் போய்ப் பிடிங்கடி!" அங்கேயும் அவளுக்கு ஐந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பட்டு வெளியே வந்தது. கரூர் கோச் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டி, "நல்ல ஷாட்டும்மா, அடுத்தது போடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தேன். அடுத்ததைப் போட்டாள்.

நாலு பாயிண்டில் தோற்றோம்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர்" என்றாள்.

"முழங்கை வெளிய போகுது" என்றேன்.

"தெரியும் டீச்சர். சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"அடுத்த மாசம் கரூருக்கு வருவோம். உன்னைய ஒண்ணுகூடப் போடவிடமாட்டேன், பாத்துக்க."

வாய்விட்டுச் சிரித்தாள். "யாரை வச்சு டீச்சர்?"

நானும் சிரித்துவிட்டேன். வியர்வையோடு அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள், என் சேலையெல்லாம் நனைந்துபோயிற்று.

எல்லோரும் போன பிறகு தியாகராஜன் ஸ்கோர் புத்தகத்தோடு வந்தார். விரலை வைத்துக் காட்டினார். "பதினொண்ணு டீச்சர்! பேச்சி பதினொரு பாயிண்ட் போட்டிருக்கா. நம்மகிட்ட இருந்தவரைக்கும் ஏன் போடல? யாரு தடுத்தா?"

வேறு நேரமாக இருந்தால் அவருக்கு ஆட்டம் தெரியாது என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நான்தான்" என்றேன். "பதினஞ்சு வருசம். அதுக்கும் உங்க புத்தகத்துல கட்டம் கிடையாது."